போயிட்டாரு

கல்யாணங்களை மட்டுமே படம்பிடித்துப் பழகிய போட்டோக்காரர் முதல்முறையாகக் கார் பந்தயத் தடத்தின் கம்பித் தடுப்பில் சாய்ந்து நிற்கிறார். நேற்றைய வரவேற்பின் அசதி இன்னும் தோளை விட்டு இறங்கவில்லை. மதிய வெயிலில் தார் நெளிகிறது. கருகிய ரப்பர் நாற்றம் தொண்டையில் ஒட்டுகிறது. தொடக்கக் கோட்டில் இரண்டு கார்கள் நின்ற இடத்திலேயே சக்கரத்தைச் சுழற்றிப் புகை கக்குகின்றன. சிவப்புக் காரை ஓட்டுபவனின் மனைவிதான் இவரைப் படமெடுக்க அழைத்தவள். பக்கத்தில் நின்று காதுகளைப் பொத்தி, கண்ணையும் இறுக மூடியிருக்கிறாள். பச்சை விளக்கு எரிகிறது. நெஞ்சுக்கூடு அதிர்கிறது. இவர் பொத்தானை அழுத்துவதற்குள் தடம் காலி. காமிராத் திரையில் வெறும் புகை. “இன்னொரு வாட்டி, கொஞ்சம் மெதுவா” என்று பழக்கதோஷத்தில் வாய் முனகுகிறது. கல்யாணத்தில் சொன்னால் போட்ட மோதிரத்தையே கழற்றி மறுபடி போடுவார்கள். இங்கே யார் கேட்பது?

அவள் கண்ணைத் திறக்காமலே ஒரு கையை மட்டும் காதிலிருந்து எடுத்துக் கம்பியைப் பற்றுகிறாள். “அண்ணே, அவரு?”

“போயிட்டாரும்மா” என்கிறார், திரையைப் பார்த்தபடியே, அலுப்பாக.

நிமிர்கிறார். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. கம்பியைப் பிடித்த விரல்கள் வெளுத்திருக்கின்றன. சொன்ன சொல் அப்போதுதான் அவரைச் சுடுகிறது. “ஐயோ, எல்லைக்கோட்டைத் தாண்டிட்டாருன்னு சொன்னேம்மா. அதோ, திரும்பி வந்துட்டிருக்காரு பாரு.”

சிவப்புக் கார் ஊர்ந்து வந்து நிற்கிறது. கதவு திறந்து அவன் இறங்கும்வரை அவள் இமைக்கவில்லை.

“இன்னும் ரெண்டு ஓட்டம் இருக்குண்ணே” என்று கண்ணை மறுபடி மூடிக்கொள்கிறாள். “வந்த பிறகு மட்டும் சொல்லுங்க.”