நாவலில் வந்த பொண்டாட்டி

“தப்பு முழுக்க அந்தப் பொம்பளை மேலதான்!” என்றார் விநாயகம்.

அந்த மாடி அறையில் இருந்தவர்கள் அன்றைக்கு ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். ஏறக்குறைய எல்லாத் தலையும் ஆடியது.

செஞ்சி கடைத்தெருவில் கலைவாணி டீச்சர் நடத்தும் டியூஷன் சென்டரின் மாடி அது. மாதத்தில் ஒரு ஞாயிறு காலை வாசகர் வட்டம் அங்கே கூடும். இந்த மாதம் ‘எதிர் மேஜை’ என்ற நாவல். இன்சூரன்ஸ் ஆபீஸில் எதிரெதிரே உட்கார்ந்து வேலை பார்க்கிற இரண்டு ஆண்கள் ஒருவரையொருவர் விரும்பிவிடுகிறார்கள். அதில் ஒருவன் கல்யாணமானவன். விஷயம் தெரிந்ததும் மனைவி அவனை விட்டுவிட்டுப் போய்விடுகிறாள்.

விநாயகம் அப்படிச் சொல்லும்வரைக்கும் ஒரே சண்டைதான்.

“ஆம்பளையும் ஆம்பளையும் லவ் பண்றதெல்லாம் ஒரு கதையா? வூட்ல வெச்சுப் படிக்கவே கூச்சமா இருக்குது” என்று ஆரம்பித்து வைத்தவரும் பாத்திரக்கடை விநாயகம்தான்.

“கூச்சப்பட்டுக்கிட்டே முந்நூறு பக்கமும் படிச்சிட்டீங்களே!” என்றார் கலைவாணி.

சிரிப்பு அடங்கியதும் அவரே தொடர்ந்தார். “ஒருத்தன் ஜுரத்துல லீவு போட்டுடுவான், இன்னொருத்தன் அந்தக் காலி நாற்காலியைப் பார்த்துக்கிட்டே சாப்பிடாம டப்பாவை மூடி வைப்பான் பாருங்க... எனக்கு அழுகையே வந்துடுச்சு. நல்லா இருந்துட்டுப் போகட்டுமே. நமக்கு இன்னா நஷ்டம்?”

“சட்டமே குத்தமில்லைன்னு சொல்லிடுச்சு. நாம யாரு?” என்றார் செயலாளர் சிவசங்கர்.

“சட்டம் சொல்லும் சார். பெத்தவங்க மூஞ்சியை யாரு பாக்கறது?” என்றார் விநாயகம்.

இப்படியே முக்கால் மணி நேரம். பேச்சு அந்த மனைவியிடம் வந்ததும்தான் சண்டை ஓய்ந்தது.

“அவ கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிட்டு இருந்திருந்தா அவன் திருந்தியிருப்பான்” என்றார் விநாயகம்.

“திருந்தறதுக்கு அதுல ஒண்ணுமில்ல. ஆனா, மனுஷன் தவிச்சிக்கிட்டு இருக்கிற நேரத்துல கைவிட்டுட்டுப் போனா பாருங்க, அதை மன்னிக்க முடியாது. சுயநலம்” என்றார் சிவசங்கர்.

“ஆமா. அவ மேல எனக்கும் கோவம்தான்” என்றார் கலைவாணி.

கடைசி நாற்காலியிலிருந்து ஒரு குரல் வந்தது.

“அவ அங்கேயே இருந்திருந்தா யாரு நல்லா இருந்திருப்பாங்க?”

வளர்மதி. பக்கத்துச் சந்தில் தையல் கடை வைத்திருப்பவள். வாசகர் வட்டத்துக்கு இன்றைக்குத்தான் வந்திருந்தாள்.

விநாயகம் திரும்பிப் பார்த்தார்.

“நீ அப்படித்தாம்மா சொல்லுவே. உன்னைக் கட்டின ஹரிகிருஷ்ணன் எப்பேர்ப்பட்ட பையன்! குடி கிடையாது, அதிர்ந்து ஒரு வார்த்தை கிடையாது. அவனைப் பதினோரு மாசத்துல விட்டுட்டு வந்துட்டே. அவன் ஊரை விட்டே போயிட்டான். பெத்தவ அனந்தபுரத்துல ஒண்டியா கிடக்குது. சந்தையில உன்னைப் பார்த்தா மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போவுதே, சும்மாவா? புஸ்தகத்துல வர்றவளை உனக்குப் புடிக்காம வேற யாருக்குப் புடிக்கும்?”

“விநாயகம் சார், போதும்” என்றார் சிவசங்கர். ஆனால் அவரும் வளர்மதியின் முகத்தைப் பார்க்கவில்லை.

வளர்மதி நாவலைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

கலைவாணி படிக்கட்டு வரை பின்னாலேயே வந்தார்.

“மனசுல வெச்சுக்காதே வளர்மதி. அந்த மனுஷன் வாய் அப்படி. ஆனா ரொம்ப நாளா நானும் கேக்கணும்னு இருந்தேன். ஹரி உன்னை அடிச்சாரா?”

“ஐயோ, கை நீட்டினதே இல்ல டீச்சர்.”

“அப்புறம் ஏன் வந்துட்டே?”

“எனக்குத்தான் பொறுமை பத்தல.”

கலைவாணியின் முகம் மாறியது. அதற்கு மேல் ஒன்றும் கேட்காமல் திரும்ப மேலே ஏறிப் போய்விட்டார்.

வளர்மதி கடையைத் திறந்து மிஷின் முன்னால் உட்கார்ந்தாள். சாயந்தரத்துக்குள் கொடுக்க வேண்டிய ஜாக்கெட் ஒன்று பாக்கி இருந்தது. ஊசியில் நூல் கோக்க வரவில்லை.

போன் அடித்தது. பெங்களூரிலிருந்து ஹரிகிருஷ்ணன்.

“போனியா வளரு? இன்னா சொன்னாங்க?”

அவளை அந்தக் கூட்டத்துக்குப் போய்வரச் சொன்னதே அவன்தான்.

“போனேன். நல்லாத்தான் பேசினாங்க. கலைவாணி டீச்சர் அழுதேன்னு சொன்னாங்க. அந்த ரெண்டு பேரும் நல்லா இருக்கட்டும்னாங்க. சட்டமே குத்தமில்லைன்னுடுச்சு, நாம யாருன்னு சிவசங்கர் சார் கேட்டாரு.”

“நம்ம ஊர்லயா? நெஜமாவா?”

“நெஜமாத்தான். விநாயகம் சார் மொனகினாரு. ஆனா, அவரும் கடைசி பக்கம் வரைக்கும் படிச்சிருக்காரு.”

அந்தப் பக்கம் அவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

“பொங்கலுக்கு பாலமுரளியையும் கூட்டிட்டு ஊருக்கு வரேன் வளரு. ஒன்பது வருஷமா நாங்க ரெண்டு பேரும் ஒரே வூட்ல இருக்கோம். இன்னும் எத்தனை நாளைக்கு ஒளிச்சு வைக்கறது? அம்மாகிட்ட நானே சொல்லிடறேன். நீ ஏன் என்னை விட்டுப் போனேன்னு அவங்களுக்குத் தெரியணும்.”

“உங்களுக்கு எப்போ தைரியம் வருதோ அப்போ சொல்லுங்க. எனக்காக அவசரப்பட வேணாம்.”

அவன் பிறகு தயங்கிக்கொண்டே கேட்டான்.

“அந்தக் கதையில வர்ற பொண்டாட்டியைப் பத்தி... ஏதாச்சும் சொன்னாங்களா?”

வளர்மதி புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“இல்லியே. அவளைப் பத்தி யாரும் ஒண்ணுமே பேசல.”