பத்தரைக்கு முந்தி

"அம்மா, இந்த போன் சார் கையில கிட்டண்டா, கிடைக்கவே கூடாது. நீங்களே வச்சா மதி, அது போதும்."

அடுக்களை வாசலில் நின்று ஹரிகுமார் துணிப்பைக்குள்ளிருந்த போனை முத்தாரம்மாளின் கையில் திணித்தான். விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற வாத்தியார். முப்பத்தைந்து வயதிருக்கும், பல நாளாய்ச் சவரம் காணாத முகம். அவனிடம் படித்த அவளுடைய ஒரே மகள் திவ்யலட்சுமி, வெள்ளாயணி வயலில் விமானத்தோடு விழுந்து பதினெட்டு நாள் ஆகிறது. ஏறும்முன் அவள் அவனிடம் ஒப்படைத்திருந்த போன் அது.

"இதுல என்னவாக்கும் இருக்கு?"

"ஒண்ணுமில்லம்மா. அதுல உள்ளதக் கேக்காம அழிச்சிட்டா ரொம்ப நல்லது."

அவளுக்குச் சுருக்கென்றது. தப்பு செய்தவனுக்குத்தானே அழிக்கிற அவசரம் வரும்? போனை மடியில் செருகிக்கொண்டாள்.

"வோய் வாத்தியாரே! அடுக்களையில என்ன வேலை? இங்கின வாரும்!"

முன்னறையில் இருந்து கணவர் பூதலிங்கத்தின் குரல். ஆரியசாலைக் கடைத்தெருவில் மிளகாய் மொத்த வியாபாரம். லாரியிலிருந்து மூட்டை எத்தனை மணிக்கு இறங்க வேண்டும் என்பதைக்கூட அவர்தான் சொல்லுவார். பக்கத்தில் வக்கீல், அச்சடித்த காகிதத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"ஸ்கூட்டர் எடுத்துப் போறவன்கூட டாங்கைக் குலுக்கிப் பாப்பான் வோய்! எண்ண இல்லாத பிளேன்ல எம்பிள்ளையத் தனியா ஏத்தி விட்டேரே!"

முன்னறைக்கு வந்து நின்ற ஹரிகுமார் தலையைத் தூக்கவில்லை. "அரை மணிக்கூர் பறக்க எண்ண இருந்துது சாரே. பெரிய விமானம் ஒண்ணு இறங்கணும்னு ஏர்போர்ட்டுக்காரங்க அவளை இன்னும் ரெண்டு ரவுண்டு சுத்தச் சொன்னாங்க. அதுல தீர்ந்துபோச்சு."

"அப்பம் கூடுதல் எண்ண ஏன் ஊத்தல்ல?"

ஹரிகுமாரின் கண் ஒரு தடவை அடுக்களை வாசலுக்கு வந்து போயிற்று. முத்தாரம்மாள் மடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நான் நிறுத்தியிருக்கணும் சாரே. தப்பு என்னுடையதுதான்."

"கேட்டீரா வக்கீலே? அவன் வாயாலயே சொல்லியாச்சு!"

வக்கீல் காகிதத்தை நீட்டினார். எண்ணெய் போதாது என்று தெரிந்தும் முழுக்க முழுக்கத் தன் அலட்சியத்தால் மாணவியைப் பறக்கவிட்டதாக எழுதியிருந்தது. ஹரிகுமார் சட்டைப் பையில் கண்ணாடியைத் துழாவினான்.

"வாசிக்க என்ன கிடக்கு? இன்னைக்கு வெள்ளி. பத்தரைக்கு முந்தி ஒப்புப் போடும்!" பூதலிங்கம் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார்.

ஹரிகுமார் நிமிர்ந்து அவரைப் பார்த்தான். கண்ணாடியைத் தேடுவதை விட்டுவிட்டு, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டான். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் படியிறங்கிப் போனான்.

வக்கீல் காகிதத்தோடு போலீஸ் ஸ்டேஷனுக்குக் கிளம்பினார். ஸ்கூட்டர் சத்தம் தெருமுனை தாண்டியதும் பூதலிங்கம் நாற்காலியில் சரிந்தார். பதினெட்டு நாளாய் அழாத மனுசன், துண்டை வாயில் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

"எம்பிள்ளையக் கொன்னவன் கம்பி எண்ணட்டு முத்தாரம்மா. அவன் இனி ஜென்மத்துக்கும் பிளேன் பக்கம் போகப்பிடாது."

"அது மட்டும் போதாது," என்றாள் முத்தாரம்மாள். மடியிலிருந்து போனை எடுத்தாள். "பிள்ளைக்க போன். ஒங்க கையில கிட்டப்பிடாதுன்னு எங்கிட்ட ஒளிச்சுத் தந்துட்டுப் போறான். அழிக்கவும் சொன்னான். என்னத்தையோ மறைக்கான், பாத்துக்கிடுங்கோ."

"போனா?" பூதலிங்கம் துண்டை இறக்கினார். "இங்க தா அத."

"இருங்கோ. ரெண்டுபேருமா கேப்போம்."

பூட்டைத் திறக்க மகளின் பிறந்த தேதி போதுமாயிருந்தது. திவ்யா விழுந்த அந்தத் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு மேல் வந்து போன குரல் செய்திகள் மேலே நின்றன. கண்ணாடி இல்லாமல் தடவி, ஒன்றைத் தொட்டாள்.

திவ்யாவின் குரல் முன்னறையை நிறைத்தது. முத்தாரம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"டாங்குல குச்சி விட்டுப் பாத்தாச்சு, எண்ண கம்மி. எட்டு மணிக்கு எண்ண வண்டி வரும், நெறச்சிட்டுப் போனா மதின்னு ஹரி சார் சொல்லுகாரு. நிக்கட்டுமாப்பா?"

பூதலிங்கம் எட்டி போனைப் பிடுங்கப் பார்த்தார். அதற்குள் அடுத்த செய்தி தானாகவே, அவருடைய குரலிலேயே, ஓடத் தொடங்கியிருந்தது.

"அவன் கெடக்கான் மக்களே, ஏழரைக்கு ராகுகாலம் பொறந்திரும்... அதுக்கு முந்தி ஏறிரு!"