ஒன்பது மணி கேட்

"மெடல் கழுத்துல ஏறினதும் கர்வமும் ஏறிருச்சு பாருங்க!"

தாளாளர் சுந்தர்ராஜ் மேடையிலேயே பல்லைக் கடித்தார். மணி பத்தாகப் போகிறது. சிறப்பு விருந்தினரான மாவட்ட அதிகாரி ஒன்பதரைக்கே வந்து, கேசரி சாப்பிட்டு, காபியும் குடித்தாயிற்று. பாராட்டு வாங்க வேண்டிய அருள்செல்வியை மட்டும் காணோம்.

ஆசிய ஜூனியர் தடகளத்தில், வேகநடைப் போட்டியில் வெண்கலம் வாங்கிய பிள்ளை. கல்லூரியில் பி.காம் மூன்றாமாண்டு. அவள் ஊரான தேவதானப்பட்டியிலிருந்து கல்லூரி வாசல் வரை வழியெல்லாம் பிளக்ஸ் வைத்திருந்தார்கள். அதில் அவள் முகத்தைவிடத் தாளாளர் முகம் பெரிது.

"போன் போட்டீரா?" உடற்கல்வி இயக்குநர் வைகுண்டராஜைக் கேட்டார்.

"அவுக அம்மாதான் எடுத்தாக சார். கேம்பஸ்ல செல்போன் கூடாதுன்னு நம்ம ரூல் இருக்குல்ல, வீட்டுல வச்சிட்டு வந்திருக்கு. காலையிலேயே பஸ் ஏறிருச்சாம்."

"பஸ்ஸா?"

"கார் அதிகாரியைக் கூப்பிடப் போயிருச்சே சார். கவர்மென்ட் பஸ் பாஸ் இருக்கு, அதுலயே வரட்டும்னு நீங்கதான சொன்னீக."

தாளாளர் அதைக் காதில் வாங்காமல் மைக்கைப் பிடித்தார்.

"ஒரு பட்டிக்காட்டுப் பிள்ளையை ஆசியா வரைக்கும் நடக்க வச்சது யாரு? இந்தக் கல்லூரி! டிராக் கொடுத்தோம். பயிற்சி கொடுத்தோம். நேரத்தை அள்ளிக் கொடுத்தோம்!"

மாணவிகள் கை தட்டினார்கள். இன்டர்னல் மார்க் பயம். மைதானம் இருந்த இடத்தில் இப்போது கல்லூரி பஸ்கள் நிற்கின்றன. அவற்றை வரிசையாக நிறுத்த வைப்பதுதான் வைகுண்டராஜின் வேலை.

காலைப் பயிற்சி முடித்து வர ஒரு கால் மணி நேரம் சலுகை வேண்டும் என்று முதல் வருடமே அருள்செல்வி கேட்டாள். "நடக்கிறதுக்கெல்லாம் பயிற்சியா? ஒருத்திக்குக் கேட்டைத் திறந்தா ஊருக்கே திறக்கணும்" என்று விரட்டியவரும் இதே தாளாளர்தான்.

"எல்லாம் செஞ்சோம். நன்றிதான் இல்லை!" அவர் குரல் தழுதழுத்தது.

முன்வரிசையில் பேராசிரியை ஜெபஷீலா உச்சுக் கொட்டினார். "இந்தக் காலத்துப் பிள்ளைகளே இப்படித்தான்."

அதிகாரி நெற்றியைச் சுருக்கினார். "பிளக்ஸ்ல இருக்கிற பொண்ணுதானே? நான் வர்றப்ப வாசல்ல பார்த்தேனே. ரோட்டுல விறுவிறுன்னு நடந்துக்கிட்டிருந்துச்சு."

தாளாளர் மைக்கை அப்படியே வைத்துவிட்டு வாசலுக்கு ஓடினார். அதிகாரியும் பின்னாலேயே எழுந்து போனார்.

"ஏலே லிங்கேஸ்வரா! அந்தப் பிள்ளையை ஏன்டா உள்ள விடலை?"

வாட்ச்மேன் விறைப்பாக சல்யூட் அடித்தார். "ஒம்பதேகாலுக்கு வந்துச்சுங்க சார். ஒம்பதுக்கு மேல எவ வந்தாலும் திறக்காத, விருந்தாளி முன்னாடி மானம் போயிரும்னு காலையில நீங்கதான சொன்னீக. விழாவே எனக்குத்தான்னு சொல்லுச்சு. லேட்டா வர்றவுக எல்லாம் ஏதாச்சும் சொல்லத்தான செய்றாக."

கேட் திறந்தது. தோளில் பையோடு, தன் பிளக்ஸுக்குக் கீழே திரும்பி, மறுபடி நடக்கத் தொடங்கியிருந்தாள் அருள்செல்வி. அவர்களைப் பார்த்ததும் நின்றாள்.

தாளாளர் வாட்ச்மேனை முறைத்தார். அதிகாரிதான் பேசினார்.

"காலேஜ்ல உனக்கு டிராக் எல்லாம் கொடுத்தாங்களாமே. அது எங்க இருக்கும்மா?"

அவள் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு ரோட்டைக் காட்டினாள். முகத்தில் கோபமே இல்லை.

"இதுதான் சார். பஸ் லேட்டாகுற நாளெல்லாம் கேட்டைச் சாத்திருவாக. சாயங்கால பஸ் வர்ற வரைக்கும் இங்கனயே நடந்து பழகுவேன். நேரம் நிறையவே கொடுத்தாக சார்."