சாட்சிக் கையெழுத்து

கை நடுங்குகிறவர்கள் எல்லோரும் குடிக்கிறவர்கள் என்றொரு கருத்து உலகில் வெகுவாகப் பரவியிருக்கிறது. இது தவறு. தைராய்டு கூடினாலும் கை நடுங்கும். சர்க்கரை இறங்கினாலும் நடுங்கும். காபி, கவலை, தூக்கமின்மை, ஆஸ்துமா மருந்து என்று நாற்பதைத் தாண்டிய மனிதனை ஆட்டிவைக்க எத்தனையோ இருக்கின்றன. குடியும் அந்த வரிசையில் நிற்கிறது. ஆனால் வரிசைக்கே அதுதான் தலைவர் என்பதற்கு ஆதாரம் இல்லை.

மூக்குக் கண்ணாடிக் கடை முதலாளிக்கு இதெல்லாம் தெரியாது.

அவர் கடையில் கண்ணாடிச் சட்டங்களுக்குத் திருகு முடுக்குபவருக்கு நாற்பத்தாறு வயது. கடையில் எல்லோருக்கும் அவர் 'திருகாணி'. எள்ளைவிடச் சிறிய திருகை ஒரே போக்கில் துளைக்குள் இறக்கிய கை, ஆறு மாதமாக ஆடிக்கொண்டிருந்தது. ஒரே நாளில் மூன்று திருகுகள் தரையில் உருண்டோடி, கடையே தவழ்ந்து தேடும்படி ஆயிற்று.

முதலாளி ஏதோ சொல்ல வருவது போல் வந்தார். முகத்துக்கு அருகே குனிந்து மூச்சை ஆழமாக இழுத்தார்.

"என்ன பாக்கறீங்க?"

"ஒண்ணுமில்லப்பா. ராத்திரி நல்லாத் தூங்கினியா?"

மோந்து பார்க்கிறார் என்று புரிந்ததும் திருகாணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருமல் மருந்தைக்கூட லேபிள் முழுவதும் படித்து, சாராயம் கலக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு குடிக்கிற ஆள் அவர். அன்றே அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு நரம்பு டாக்டரிடம் போனார். 'இவர் குடிப்பவர் அல்ல' என்று ஒரு சான்றிதழ் வாங்கி முதலாளி மேஜையில் வைப்பதுதான் அவருடைய நோக்கம்.

டாக்டரம்மா அவசரப்படவில்லை. தாளில் ஒரு சுருளை வரையச் சொன்னார். அது நசுங்கிய மின்விசிறி மாதிரி வந்தது. ஒரு டம்ளரிலிருந்து இன்னொன்றுக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். பாதி மேஜைக்குப் போயிற்று. சும்மா மடியில் கிடக்கும்போது கை சாதுவாக இருந்தது. அங்கேயே எடுத்த ரத்தப் பரிசோதனையிலும் ஒரு குறையும் இல்லை.

"உங்க வீட்ல வேற யாருக்காவது இப்படிக் கை ஆடுமா?"

"அப்பாவுக்கு ஆடும். ஆனா அது வேற, டாக்டர். அவர் குடிப்பார்."

"குடிச்சு நீங்க பாத்திருக்கீங்களா?"

பார்த்திருக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தவர், எத்தனை தடவை என்று யோசித்தார்.

அப்பா தபால் நிலையத்தில் இருந்தவர். கை ஆடி எழுதிய கிறுக்கல் தாங்காமல் அவரைக் கவுண்டரிலிருந்து கடிதம் பிரிக்கும் பின்னறைக்கு மாற்றினார்கள். குடிகாரன் என்று தெரு சொன்னது. உடம்புவாகு என்று அம்மா சொன்னாள். திருகாணி தெருவைத்தான் நம்பினார். அதற்கு ஒரே ஒரு நாள் சாட்சியும் கிடைத்தது.

பதினேழு வருடத்துக்கு முன், அவருடைய திருமணப் பதிவு. இரு வீட்டாரும் நின்றுகொண்டிருந்தார்கள். சாட்சியாகக் கையெழுத்துப் போட அப்பா நெருங்கியபோது குப்பென்று வாடை அடித்தது. திருகாணி அவர் காதோடு, "போயிடுங்க" என்றார். அப்பா போய்விட்டார். சாட்சிக் கையெழுத்தைச் சித்தப்பா போட்டார். அதற்குப் பிறகு அப்பாவும் மகனும் பேசவில்லை.

பேசாவிட்டாலும், அப்பாவை வைத்துப் பார்த்துக்கொள்ளும் தங்கைக்கு ஞாயிறுதோறும் போன் போகும். அவளிடம் மழை, விலைவாசி, பிள்ளைகளின் பரீட்சை என்று பேச்சை இழுத்துக்கொண்டே இருப்பார். பின்னால் எங்கோ அப்பா இருமுவது கேட்டபிறகுதான் போனை வைப்பார்.

இது பரம்பரையாக வரக்கூடிய நடுக்கம், உயிருக்கு ஒன்றும் ஆகாது, மாத்திரையில் கட்டுப்படும் என்று டாக்டரம்மா விளக்கினார். சான்றிதழும் தருவதாகச் சொன்னார். எழுதும்போதே தலை நிமிராமல் ஒன்று சொன்னார்.

"கொஞ்சம் குடிச்சா இந்த நடுக்கம் கொஞ்ச நேரம் அடங்கும். யாராவது உங்களுக்கும் சொல்லிக்கொடுப்பாங்க. அந்த வழிக்கு மட்டும் போயிடாதீங்க."

திருகாணி சான்றிதழை மேஜையிலேயே விட்டுவிட்டு வெளியே வந்தார். அன்று ஞாயிறு இல்லை. தங்கை பதறிப்போய்ப் போனை எடுத்தாள்.

"என்னண்ணே, யாருக்கு என்ன?"

"அப்பா எப்பலேர்ந்து குடிக்க ஆரம்பிச்சார்?"

அந்தப் பக்கம் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"உன் கல்யாணத்தன்னிக்கு. அதோட சரி. கையெழுத்து கோணிப்போனா உன் மாமனார் வீட்ல உன்னைப் பாத்துச் சிரிப்பாங்கன்னு பயந்தாரு. ஒரு மடக்கு போட்டா கை நிக்கும்னு கூட வேலை பாத்தவர் சொன்னாராம். அதைக் குடிச்சிட்டு வாந்தி வேற எடுத்தாரு, பாவம்."

"ஏன் இத்தனை வருஷமா ஒரு வார்த்தை சொல்லல?"

"சொல்லக் கூடாதுன்னுட்டாரு. அவன் கேட்டா சொல்லு, இல்லாட்டி வேணாம், குடிச்சது குடிச்சதுதானேன்னாரு. நீயும் கேக்கல."

திருகாணி போனைக் காது மாற்றிப் பிடித்துக்கொண்டார்.

"கை நின்னுச்சா?"

"நின்னுச்சுண்ணே. நீதான் பேனாவையே குடுக்கலியே."

மறுநாள் காலை முதல் வண்டியில் திருகாணி தங்கை வீட்டுக்குப் புறப்பட்டுப் போனார். கண்ணாடி வாங்க வந்த நான்கு பேரை முதலாளி நாளைக்கு வரச் சொல்லி அனுப்பினார்.