கேட்டைத் தாண்டும் டவுன் பஸ்

திண்டிவனத்துக்கு வெளியே ரயில்வே கேட் வந்ததும் டவுன் பஸ்ஸில் பாதிப் பேர் பழக்கதோஷத்தில் எழுந்துவிடுகிறார்கள். பதினெட்டு வருஷமாக இதுதான் கடைசி ஸ்டாப். கேட்டைத் தாண்டி வேலன் நகருக்கு நடைதான். இன்றுதான் முதன்முதலாகப் பஸ் அங்கே போகிறது. முன்கண்ணாடியில் சாமந்தி மாலை வெயிலில் தகதகக்கிறது. கண்டக்டரே மறந்துபோய், "கேட்டு, எல்லாம் எறங்குங்க!" என்கிறார். திங்கள்கிழமைதோறும் மனு கொடுத்தே இந்தப் பஸ்ஸை வரவழைத்த அம்சா மட்டும் ஜன்னலோரம் கூடையை மடியில் அணைத்துக்கொண்டு அசையாமல் இருக்கிறாள். "ஒக்காருங்கடி, இன்னும் வூடு வரல." சிரிப்பு வெடிக்கிறது. பஸ் தண்டவாளத்தில் குலுங்கி ஏறி இறங்குகிறது. முதல் தெருமுனையில் ஆரத்தித் தட்டோடு ஒரு கூட்டம். கண்டக்டர் விசிலடிக்கிறார். அம்சா அப்போதும் எழுந்திருக்கவில்லை. "கடைசித் தெரு வரைக்கும்னுதாங்க மனுவுல எழுதினேன். ஓட்டுங்க."