பூவரசு துளிர்த்த பந்தல்

தீவின் சொந்த மரங்களைத் தவிர வேறெதையும் நடக்கூடாது என்பது சட்டம். அதனால் குமுதாவின் கல்யாணத்தில் அரசங்கொப்புக்குப் பதிலாகப் பூவரசங்கொப்பை வாசல் பந்தலில் அரசாணிக்காலாக நட்டார்கள். அது துளிர்த்ததும், தம்பதி தழைப்பார்கள் என்று வீடே பூரித்தது. அந்த மகிழ்ச்சி அடங்குமுன் மரக்காவலர் வந்து, துளிர்த்தது தீவின் சொந்த மரம் என்பதால் அதைச் சுற்றிப் பத்தடிக்குள் பந்தலின் ஒரு கயிற்றைக்கூட அவிழ்க்கக்கூடாது என்று எழுதி ஒட்டிவிட்டுப் போனார்.

இரண்டு வருடம் கழித்து, கணவனைப் பிரிந்து குமுதா பெட்டியோடு திரும்பியபோதும் வாசலில் பந்தல் அப்படியே நின்றது.

ஒருநாள் காலையில் அம்மா கொதிக்கும் நீரோடு வேரருகே குனிந்தாள்.

"போறவங்க வர்றவங்க எல்லாம் கேக்குறாங்கடி. இது பட்டுப்போச்சுன்னா பந்தலப் பிரிச்சிடலாம்."

குமுதா பாத்திரத்தை மெதுவாக வாங்கி அப்பால் வைத்தாள்.

"விடும்மா. அந்தக் கல்யாணத்துல வேர் பிடிச்சது இது ஒண்ணுதான்."