பாப்பிதாவின் டியூனிங்

"மாதங்கி, சித்த தள்ளி நில்லு, புகை வரும்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு பைக்கைக் கிளப்பிக்கொண்டு ஆபீஸுக்குப் போனார் ஜெய்ராம். மத்தியானம் மாரடைப்பில் போய்விட்டார்.

வருஷ காரியம் முடிந்ததும் மகன் ஆனந்த் பைக்கை விற்கக் கிளம்பினான். கிடர்பூரில் பழசாக வாங்கி, டேங்க் முதல் சைலன்சர் வரை அப்பா தன் இஷ்டத்துக்கு மாற்றிய வண்டி. வாங்க வந்தவர்கள் ஓட்டிக்கொண்டு போய், தெருமுனையிலிருந்து தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

"காத்து ஜாஸ்தி, பெட்ரோல் கம்மி. கார்புரேட்டர் ஜெட்டை மாத்தணும்" என்றார், பெஹாலா வட்டாரத்தின் டியூனிங் மன்னரான வங்காளி மெக்கானிக் பாப்பிதா. மாற்றினார். ஓட்டிக் காட்டினார். வண்டி பறந்தது. அடுத்த ஆள் வந்தான். அவனும் தள்ளிக்கொண்டுதான் வந்தான்.

"எனக்கே தண்ணி காட்டுது, மாஷிமா!" என்று மாதங்கியிடம், சித்தி முறை வைத்து, அலுத்துக்கொண்டார் பாப்பிதா.

"போனாப் போறது, விடுடா ஆனந்த்" என்று சொல்லி எல்லோருக்கும் டீ கொடுத்தாள் மாதங்கி.

அவர்கள் போனதும் சீட்டுக்கு அடியில் கையை விட்டாள். திருடன் ஓட்டிக்கொண்டு போகாமலிருக்க, பெட்ரோல் குழாயில் ஜெய்ராம் ரகசியமாக வைத்த திருகு அங்கே இருந்தது. ஆள் வரும்போதெல்லாம் அவள் மூடிவைப்பது அதைத்தான். மிச்ச பெட்ரோல் தெருமுனை வரைதான் தாங்கும். திருகை மறுபடி திறந்துவிட்டாள்.

வண்டி மாடிப்படிக்குக் கீழே, அவர் வழக்கமாக நிறுத்தும் இடத்திலேயே நிற்கிறது.